விடை தெரிவதற்கு முன்பே எழுதிவையுங்கள்: தரவை அலசும்போது மனச்சாய்வில் சிக்காமலிருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பக்கத்தில் யாராவது இருந்தால் இந்த விளையாட்டை நடத்திப் பாருங்கள். 2, 4, 6 என்று மூன்று எண்களைச் சொல்லுங்கள். "இவை என் மனதில் இருக்கிற ஒரு விதிப்படி வருகின்றன. நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா என்று சொல்கிறேன். விதி பிடிபட்டதும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். பெரும்பாலும் 8, 10, 12 என்று ஆரம்பிப்பார். பொருந்துகிறது. 20, 22, 24. பொருந்துகிறது. 100, 102, 104. அதுவும்தான். "இரண்டிரண்டாகக் கூடுகிறது, அவ்வளவுதானே?" என்பார்.

அதில்லை. ஏறுவரிசையில் எந்த மூன்று எண் வந்தாலும் சரி, அதுதான் விதி. 1, 2, 50 என்று ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் அவருடைய ஊகம் அங்கேயே உடைந்திருக்கும். உடைகிற மாதிரி ஒரு கேள்வி கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்ட சோதனை இது. கலந்துகொண்ட 29 பேரில் 6 பேர்தான் முதலில் சொன்ன விதியையே சரியாகச் சொன்னார்கள்.

எக்செல் ஷீட்டின் முன்னால் உட்கார்ந்து நாம் செய்வதும் பெரும்பாலும் இதையேதான். ஒரு ஊகம் ஏற்கெனவே மனதில் இருக்கிறது. அதற்கு 'ஆம்' என்று பதில் வருகிற ஃபில்டர்களாகப் போட்டுக்கொண்டே போகிறோம். நான்கைந்து 'ஆம்' சேர்ந்ததும் ரிப்போர்ட் எழுதிவிடுகிறோம்.

இப்படி நம்மை அறியாமலே ஒரு பக்கம் சாய்ந்து யோசிப்பதுதான் மனச்சாய்வு. மனச்சாய்வுகளின் பட்டியல் எங்கே தேடினாலும் கிடைக்கும். நூற்றுக்கும் மேல் பெயர்கள் இருக்கின்றன. அவற்றை மனப்பாடம் செய்து பெரிய பயன் எதையும் நான் கண்டதில்லை. பெயர் தெரிந்தால் அடுத்தவர் தவறு உடனே கண்ணில் படும், நம்முடையது படாது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். தன் கண் மஞ்சள் என்று மட்டும் அதற்குத் தெரியாது. ஆகவே 'கவனமாக இருப்பேன்' என்று தீர்மானம் எடுப்பதை விட்டுவிட்டு, வேலை நடக்கிற வரிசையை மாற்றுவோம். முடிந்தவரை எல்லாத் தீர்மானங்களையும் விடை தெரிவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கீழே வருகிற படிகள் பலவும் அந்த ஒன்றைச் செய்வதற்கான வெவ்வேறு வழிகள்தான்.

படி 1: கோப்பைத் திறக்கும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

உங்கள் இணையதளத்தில் ஒரு பதிவுப் படிவம் இருக்கிறது, நீளமாக இருக்கிறது என்று அதைச் சுருக்கியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பலன் கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். கோப்பைத் தொடும் முன் நான் எழுதுகிற குறிப்பு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

கேள்வி: சுருக்கிய பிறகு படிவத்தை நிரப்பி முடிப்பவர்களின் விகிதம் கூடியிருக்கிறதா?
அளவுகோல்: தொடங்கியவர்களில் எத்தனை சதவீதம் பேர் முடித்தார்கள். முடிவு சொல்ல இது ஒன்றுதான்.
காலம்: மாற்றத்துக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம்.
நீக்கப்போகும் வரிசைகள்: நம் ஊழியர்கள் சோதித்துப் பார்த்தவை. ஒரே ஆள் பல முறை திறந்திருந்தால் முதல் தடவை மட்டும் கணக்கு.
என் எதிர்பார்ப்பு: 40 சதவீதம் 45 ஆகியிருக்கும். 70 சதவீதம் நிச்சயம்.
நான் தோற்பது எப்போது: 2 சதவீதப் புள்ளிக்கும் குறைவாகக் கூடியிருந்தால் 'பலன் தெரியவில்லை' என்று எழுதுவேன்.

எழுத ஐந்து நிமிடம்தான் ஆகும். கடைசி வரிதான் கஷ்டம். அதை எழுத முடியாமல் தடுமாறினால், நீங்கள் கேட்க வந்தது கேள்வியே இல்லை, முடிவு ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது என்று பொருள். குறிப்பில் தேதி போட்டு, பிறகு திருத்த முடியாத இடத்தில் வையுங்கள். உங்களுக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிக்கொண்டால்கூடப் போதும்.

இந்தச் சின்னக் காரியம் எவ்வளவு மாற்றும் என்பதற்கு மருத்துவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், இரத்தவியல் நிறுவனம் பணம் கொடுத்த பெரிய இதயநோய்ச் சோதனைகளை ராபர்ட் கப்லன், வெரோனிகா இர்வின் இருவரும் 2015-ல் வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். 2000-க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, 'சிகிச்சை பலன் தந்தது' என்றன. அதன் பிறகு வெளியான 25-ல் இரண்டு மட்டும்தான் அப்படிச் சொன்னன. நடுவில் வந்த முக்கியமான மாற்றம், எதை அளக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே பொதுப் பதிவேட்டில் பதிந்துவிடும் வழக்கம். எல்லா வித்தியாசமும் அதனால் மட்டுமே என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இந்த எண்களைப் பார்த்த பிறகு குறிப்பு எழுதாமல் கோப்பைத் திறக்க எனக்குக் கை வரவில்லை.

படி 2: வராத வரிசைகளைத் தேடுங்கள்

கையில் இருக்கிற தரவு எப்படிக் கைக்கு வந்தது? யார் உள்ளே வர முடியாமல் போனது? சராசரி போடும் முன் இதைக் கேட்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் குண்டு துளைத்துத் திரும்பிய விமானங்களைப் பற்றி புள்ளியியலாளர் ஏபிரகாம் வால்டு செய்த கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: எல்லோரும் எண்ணியது திரும்பி வந்தவற்றின் துளைகளை, விழுந்த விமானங்கள் பட்டியலிலேயே இல்லை. அதை மறுபடி சொல்லப்போவதில்லை. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' இதழ் ஒரு கோடி மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று சொன்னது. அவர் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்கள் எல்லா வாக்காளர்களையும் போன்றவர்கள் இல்லை. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் சாய்வு போய்விடும் என்று இன்றும் நம்புகிறவர்களுக்கு இந்த ஒரு உதாரணம் போதும்.

நான் கொஞ்சம் நின்று பார்க்க விரும்புவது சேலஞ்சர் விண்கல விபத்தை. 1986 ஜனவரி 28. முந்தைய இரவு தொலைபேசிக் கூட்டத்தில் பேசப்பட்ட விஷயம், ராக்கெட்டின் இணைப்புகளில் இருக்கிற ரப்பர் வளையங்கள் கடும் குளிரில் தாங்குமா என்பது. ஏவ வேண்டாம் என்று பொறியாளர்கள் வாதாடினார்கள். ஆனால் வெப்பநிலைக்கும் வளையப் பாதிப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க எடுத்துக்கொள்ளப்பட்டவை பாதிப்பு ஏற்பட்ட பயணங்கள் மட்டும். அவற்றில் 12 டிகிரி செல்சியஸில் ஏவியதும் இருந்தது, 24 டிகிரியில் ஏவியதும் இருந்தது. குளிரிலும் பாதிப்பு, வெயிலிலும் பாதிப்பு. அப்புறம் என்ன தொடர்பு?

பாதிப்பே இல்லாத பயணங்களையும் சேர்த்து எண்ணியது விபத்துக்குப் பிறகு வந்த விசாரணை ஆணையம். ஏறக்குறைய 19 டிகிரியிலோ அதற்கு மேலோ ஏவிய 20 பயணங்களில் பாதிப்பு மூன்றில்தான். அதற்குக் கீழே ஏவியவை நான்கு, நான்கிலும் பாதிப்பு. சேலஞ்சர் புறப்பட்ட காலையில் வெப்பநிலை 2 டிகிரி. ஏழு பேர் இறந்தார்கள்.

புதிதாக எதையும் அளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் கோப்பில் இருந்தவைதான். 'ஒன்றும் ஆகவில்லை' என்று முடிந்தவற்றைத் தரவாக யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்: புகார்களை அலசும்போது புகார் செய்யாதவர்களையும், விலகியவர்களை அலசும்போது தங்கியவர்களையும், வென்ற திட்டங்களை அலசும்போது அதே வழியில் போய்த் தோற்றவற்றையும் பக்கத்தில் வையுங்கள். படிவ உதாரணத்தில், பக்கம் திறக்கும் முன்பே வெளியேறியவர்கள் 'தொடங்கியவர்கள்' பட்டியலில் வரவே மாட்டார்கள். அது பரவாயில்லையா என்று முடிவெடுக்க வேண்டியது இப்போதுதான், கடைசியில் அல்ல.

படி 3: பெயரை மறைத்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள்

தரவைச் சுத்தம் செய்வதை எல்லோரும் அலுப்பான வேலை என்று நினைக்கிறோம். சாய்வு அதிகம் நுழைவது அந்த வாசல் வழியாகத்தான். ஒரு வரிசை விசித்திரமாக இருக்கிறது, நீக்கவா வேண்டாமா? நமக்குப் பிடிக்காத பக்கம் இழுக்கிற வரிசை கொஞ்சம் அதிக விசித்திரமாகத் தெரியும். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் தேவையில்லை.

வழி எளிது. 'பழைய படிவம்', 'புதிய படிவம்' என்ற பெயர்களை எடுத்துவிட்டு 'அ', 'ஆ' என்று மாற்றித் தரும்படி கூட வேலை செய்பவரிடம் கேளுங்கள். தேதி போன்ற காட்டிக்கொடுக்கிற பத்திகளையும் அவர் மறைத்துவிடட்டும். எது எது என்று அவருக்கு மட்டும் தெரியும். சுத்தம், நீக்கம், கணக்கு, வரைபடம் எல்லாம் முடிந்த பிறகு பெயரைக் கேளுங்கள். அதன்பின் ஒரு வரிசையையும் தொடக்கூடாது.

இயற்பியலாளர்கள் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோயிருக்கிறார்கள். ஈர்ப்பு அலைகளைத் தேடிய லைகோ, விர்கோ கருவிகளில் 2010 செப்டம்பர் 16 அன்று அருமையான ஒரு சமிக்ஞை பதிவானது. வந்த திசையை வைத்து அதற்குப் 'பெரிய நாய்' என்று செல்லப்பெயரும் வைத்தார்கள். மாதக்கணக்கில் அலசினார்கள், ஆய்வுக் கட்டுரையும் எழுதித் தயாராக வைத்தார்கள். 2011 மார்ச்சில் எல்லோரும் கூடியிருக்க ஓர் உறையைப் பிரித்தார்கள். அந்தச் சமிக்ஞை, குழு ஏமாறுகிறதா என்று பார்ப்பதற்காகவே ஒரு சிலர் ரகசியமாக நுழைத்த போலி. அப்படி ஒன்று வரலாம் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. நிஜ அலை 2015 செப்டம்பரில் வந்தபோது அவர்களை உலகம் நம்பியதில் அந்த உறைக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

நம் அளவில் இதைச் செய்ய முடியும். வித்தியாசமே இல்லாத ஒரு போலிக் கோப்பை (இரண்டு குழுவுக்கும் ஆட்களைக் குலுக்கிப் போட்டு) உங்கள் கணக்கு வழியாக ஓட்டுங்கள். மறுபடி மறுபடி குலுக்கி ஓட்டும்போது அதிலும் 'குறிப்பிடத்தக்க உயர்வு' அடிக்கடி வந்தால் பிழை கணக்கில்தான்.

படி 4: எத்தனை இடத்தில் தோண்டினீர்கள் என்று எண்ணிவையுங்கள்

மொத்தத்தில் உயர்வு இல்லை. சரி, வயது வாரியாகப் பார்ப்போம். இல்லை. கைபேசியில் வந்தவர்கள்? இல்லை. திங்கட்கிழமை வந்தவர்கள்? ஆகா!

வித்தியாசமே இல்லாத இடத்திலும், 5 சதவீதத் தவறு வாய்ப்பை ஒத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், ஒன்றாவது 'ஆகா' என்று வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு. 2009-ல் கிரெய்க் பென்னட்டும் அவருடைய சகாக்களும் செத்துப்போன ஒரு சால்மன் மீனை மூளை ஸ்கேன் இயந்திரத்தில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்' என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியாகச் சோதித்து, அதற்கான திருத்தம் செய்யாமல் விட்டபோது, மீனின் மூளையில் 'செயல்பாடு' தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. 2012-ல் இதற்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் கிடைத்தது.

எனக்கு இதைவிடப் பிடித்தது இன்னொன்று. மாரடைப்பு வந்தவர்களுக்கு ஆஸ்பிரின் உதவுகிறதா என்று 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய சோதனை 1988-ல் வெளியானது. உதவுகிறது என்பது தெளிவாகவே தெரிந்தது. வயது வாரியாக, அது வாரியாக, இது வாரியாகப் பிரித்துக் காட்டச் சொன்னபோது, ஆய்வாளர்கள் பிறந்த ராசி வாரியாகவும் பிரித்துப் போட்டார்கள். மிதுனம், துலாம் இரண்டுக்கும் ஆஸ்பிரின் பலன் தரவில்லை, கொஞ்சம் கெடுதல்கூடச் செய்தது போலத் தெரிந்தது! பிரித்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று காட்ட வேண்டுமென்றே செய்த வேலை அது. துலா ராசிக்காரர்கள் மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.

ஆகவே, தோண்டுங்கள், தவறில்லை. தோண்டிய இடங்களையெல்லாம் எழுதுங்கள். என் கோப்பில் 'பார்த்தவை' என்று ஒரு தனி ஷீட் இருக்கும். எதை எப்படிப் பிரித்தேன், என்ன வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ரிப்போர்ட்டில் "23 விதமாகப் பிரித்துப் பார்த்ததில் இது ஒன்றில் வித்தியாசம் தெரிந்தது" என்று எழுதினால், படிப்பவர் அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று அவரே முடிவு செய்துகொள்வார். திங்கட்கிழமை விஷயம் நிஜமாகவே முக்கியம் என்று தோன்றினால், புதிதாக ஒரு குறிப்பு எழுதி, அடுத்த மாதத் தரவில் சோதியுங்கள். ஊகம் பிறந்த தரவிலேயே அந்த ஊகத்தைச் சோதிப்பது தேர்வுத்தாளைத் தானே திருத்திக்கொள்வது மாதிரி.

படி 5: சேர்த்தும் பாருங்கள், பிரித்தும் பாருங்கள்

இப்போதுதான் பிரிக்காதே என்றாய், இப்போது பிரி என்கிறாயே என்று கேட்கலாம். எதன்படி பிரிப்பது என்பதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணத்தை முன்பே எழுதியிருக்க வேண்டும். அப்படிப்பட்ட ஓர் இடம் இது.

சிறுநீரகக் கல்லை அகற்ற இரண்டு வழிகளை ஒப்பிட்டு 1986-ல் ஓர் ஆய்வு வந்தது. திறந்து செய்யும் அறுவையில் 350 பேரில் 273 பேருக்கு வெற்றி, அதாவது 78 சதவீதம். சிறு துளை வழியே செய்யும் புதிய முறையில் 350-க்கு 289, அதாவது 83. புதியதுதான் நல்லது என்று இங்கேயே கையெழுத்துப் போட்டுவிடலாம். கல்லின் அளவு வாரியாகப் பார்த்தால்: சிறிய கல்லுக்குத் திறந்த அறுவை 87-க்கு 81 (93 சதவீதம்), புதிய முறை 270-க்கு 234 (87 சதவீதம்). பெரிய கல்லுக்குத் திறந்த அறுவை 263-க்கு 192 (73 சதவீதம்), புதிய முறை 80-க்கு 55 (69 சதவீதம்). இரண்டு வகையிலும் ஜெயிப்பது திறந்த அறுவைதான்!

மாயம் ஒன்றுமில்லை. கஷ்டமான பெரிய கற்களில் பெரும்பகுதி திறந்த அறுவைக்குப் போயின, எளிதானவை புதிய முறைக்குப் போயின. மொத்த சதவீதம் அளந்தது முறையின் திறமையோடு, யாருக்கு எந்த வேலை வாய்த்தது என்பதையும் சேர்த்து. இரண்டு குழுக்களை ஒப்பிடும்போதெல்லாம் நான் கேட்கிற கேள்வி: யாரை எந்தக் குழுவில் போடுவது என்று முடிவு செய்தது யார், எதை வைத்து? குலுக்கல் முறையில் போட்டிருந்தால் கவலை குறைவு. மனிதர் தேர்ந்தெடுத்துப் போட்டிருந்தால், அவர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாரோ அதன்படி பிரித்துப் பாருங்கள்.

படி 6: சதவீதத்தை ஆட்களாக மாற்றுங்கள்

ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கிற நோய். நோய் இல்லாதவர்களில் 5 சதவீதம் பேருக்கும் 'இருக்கிறது' என்று தவறாகக் காட்டுகிற ஒரு சோதனை. ஒருவருக்கு 'இருக்கிறது' என்று வந்தால், நிஜமாகவே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த மருத்துவர்கள், மாணவர்கள் 60 பேரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு, முடிவை 1978-ல் வெளியிட்டார்கள். அதிகம் பேர் சொன்ன விடை 95 சதவீதம். சரியாகச் சொன்னது 11 பேர்.

சதவீதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்துங்கள். நோயாளி ஒருவர், அவருக்குச் சரியாகவே 'இருக்கிறது' என்று வரும் என்று வைத்துக்கொள்வோம். மீதி 999 பேரில் சுமார் 50 பேருக்குத் தவறாக 'இருக்கிறது' என்று வரும். ஆக 51 பேரில் ஒருவர், ஏறக்குறைய 2 சதவீதம். மோசடிப் பரிவர்த்தனை, விலகப்போகும் வாடிக்கையாளர் என்று அரிதான எதைக் கணிக்கிற மாடலாக இருந்தாலும் இதே கணக்குதான். '95 சதவீதத் துல்லியம்' என்று யாராவது சொன்னால், ஆயிரம் பேரை வரிசையில் நிறுத்தச் சொல்லுங்கள்.

படி 7: உச்சத்தில் இருப்பது இறங்கத்தான் செய்யும்

600 பேரைப் பகடை உருட்டச் சொல்லுங்கள். 1 விழுந்த நூறு பேரைத் திட்டுங்கள், 6 விழுந்த நூறு பேரைப் பாராட்டுங்கள். மறுபடி உருட்டச் சொல்லுங்கள். திட்டு வாங்கியவர்களின் சராசரி 3.5-ஐ ஒட்டி ஏறியிருக்கும், பாராட்டுப் பெற்றவர்களுடையது 3.5-ஐ ஒட்டி இறங்கியிருக்கும். திட்டினால்தான் வேலை நடக்கும் என்று இதிலிருந்து ஒருவர் கொள்கையே வகுத்துவிடலாம்.

சராசரியிலிருந்து மிக விலகியது அடுத்த முறை சராசரிப் பக்கம் திரும்பும்: பிரான்சிஸ் கால்டன் என்ற ஆய்வாளர் 1880-களில் பெற்றோர், பிள்ளைகள் உயரத்தை அளந்து கண்டுகொண்ட விஷயம் இது. மோசமான மாதத்தைப் பார்த்துப் பதறி ஒரு மாற்றம் செய்கிறோம், அடுத்த மாதம் தானாகவே கொஞ்சம் சரியாகிறது, நல்ல பெயர் நாம் செய்த மாற்றத்துக்குப் போகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆகவே மிக மோசமானவற்றைப் பொறுக்கி எடுத்து அவற்றில் மட்டும் ஏதாவது செய்யப்போகிறீர்கள் என்றால், அதே அளவு மோசமான வேறு சிலவற்றை ஒன்றும் செய்யாமல் விட்டுவையுங்கள். அவையும் எவ்வளவு ஏறுகின்றன என்று பார்த்துக் கழித்துக்கொள்ளலாம்.

படி 8: பிடித்த விடையை, பிடிக்காததைச் சோதிக்கிற அளவுக்குச் சோதியுங்கள்

இந்தப் படியில் நானே விழுந்திருக்கிறேன். படிவ உதாரணம் சும்மா வந்ததில்லை. சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் படிவத்தைச் சுருக்கச் சொல்லி வாதாடியவனே நான்தான். முதல் வாரக் கணக்கில் பலன் தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து ஒவ்வொரு ஃபார்முலாவாகத் துருவினேன், ஒரு தேதிப் பிழையைக் கண்டுபிடித்தேன், திருத்தினேன். நான்காம் வாரத்தில் நல்ல உயர்வு வந்தது. பத்து நிமிடத்தில் ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

மூன்று வாரம் கழித்து, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் என் ஷீட்டைப் பார்த்துவிட்டு, "சார், ஒரு நாள்ல மட்டும் ஆரம்பிச்சவங்களைவிட முடிச்சவங்க அதிகமா இருக்காங்களே, எப்படி?" என்று கேட்டார். முடித்தவர்களின் பட்டியலை இன்னொரு ஷீட்டோடு இணைத்தபோது, இரண்டு மின்னஞ்சல் முகவரி வைத்திருந்தவர்கள் இரண்டு வரிசைகளாக வந்திருந்தார்கள். தொடங்கியவர்கள் பட்டியலில் அப்படி நேரவில்லை. உயர்வில் பெரும்பகுதி அந்த இரட்டைகள்தான். அந்த நாளின் வரிசை என் கண் முன்னால்தான் இருந்தது. விடை பிடித்திருந்ததால் நான் பார்க்கவில்லை.

பெரிய இடங்களிலும் இது நடக்கிறது. அரசுக் கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டினால் வளர்ச்சி சரிகிறது என்று கார்மன் ரெய்ன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் 2010-ல் எழுதினார்கள். சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆராய்ச்சி மாணவர் அவர்களுடைய எக்செல் ஷீட்டை வாங்கிப் பார்த்தார். சராசரி போடும் ஃபார்முலாவில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. சில ஆண்டுகளின் தரவு சேர்க்கப்படாமல் இருந்தது, நாடுகளுக்கு எடை கொடுத்த விதத்திலும் அவருக்கு மாறுபாடு இருந்தது. எல்லாவற்றையும் சரிசெய்து அவரும் அவருடைய பேராசிரியர்களும் கணக்கிட்டபோது 2.2 சதவீதம் வந்தது.

இப்போது நான் வைத்திருக்கும் ஏற்பாடு: சோதிக்க வேண்டியவற்றின் பட்டியல் படி 1 குறிப்பிலேயே இருக்கும். வரிசைகளின் எண்ணிக்கை, இணைப்புக்கு முன்னும் பின்னும். இரட்டைகள். 100 சதவீதத்தைத் தாண்டுகிற நாட்கள். சும்மா பொறுக்கி எடுத்த 20 வரிசைகளைக் கண்ணால் படிப்பது. விடை எந்தப் பக்கம் வந்தாலும் பட்டியல் முழுவதும் ஓடும். விடை ரொம்பப் பிடித்திருந்தால் ஒரு ராத்திரி கழித்துத்தான் அனுப்புவேன்.

படி 9: இன்னொருவர், ஆனால் உங்கள் விடை தெரியாதவர்

"ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள், 12 சதவீதம் வந்திருக்கிறது" என்று கேட்டால் அவர் 12-ஐத்தான் தேடுவார். 1974-ல் ட்வெர்ஸ்கி, கானமன் என்ற உளவியலாளர்கள் எழுதிய கட்டுரையில் வருகிற சக்கரம் இதைத்தான் காட்டுகிறது: சுழற்றினால் 10-லோ 65-லோ நிற்கும்படி செய்த சக்கரத்தைப் பார்த்த பிறகு, ஐ.நா. உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். 10 பார்த்தவர்களின் இடைநிலை ஊகம் 25, 65 பார்த்தவர்களுடையது 45. சக்கரத்துக்கும் கேள்விக்கும் சம்பந்தமே கிடையாது. ஆகவே கேள்வியையும் மூலத் தரவையும் மட்டும் கொடுங்கள்.

அவருக்கு வேறு விடை வந்தால் அவர் தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கால்பந்து நடுவர்கள் கருநிற வீரர்களுக்கு அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்ற ஒரே கேள்வியையும் ஒரே தரவையும் 29 குழுக்களிடம் கொடுத்தார்கள். 20 குழுக்கள் ஆம் என்றன, 9 குழுக்களுக்குத் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. எல்லோரும் விவரம் தெரிந்தவர்களே. எதைக் கணக்கில் சேர்ப்பது, எந்த முறையில் போடுவது என்ற நியாயமான தேர்வுகளிலேயே அவ்வளவு விலகல். உங்கள் விடை எந்தெந்தத் தேர்வை மாற்றினால் கவிழ்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இரண்டாவது ஆள்.

கூட்டங்களுக்கும் ஒரு வழக்கம்: வரைபடத்தைக் காட்டிய உடனே யாரும் பேசக்கூடாது. தான் என்ன பார்க்கிறேன் என்று ஒவ்வொருவரும் இரண்டு வரி எழுதிய பிறகே பேச்சு. மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் பார்ப்பதும் அவர் சொன்னதைத்தான்.

படி 10: எழுதும்போதும், எழுதிய பிறகும்

ரிப்போர்ட்டில் வினைச்சொற்களைக் கவனியுங்கள். 'சுருக்கியதால் கூடியது', 'சுருக்கிய பிறகு கூடியது' இரண்டுக்கும் நடுவில் ஒரு முழு ஆய்வு இருக்கிறது. குலுக்கல் முறையில் சோதிக்காதவரை எனக்கு 'பிறகு' போதும். எண்ணோடு அதன் வீச்சையும், அதாவது உண்மை எதிலிருந்து எதுவரை இருக்கலாம் என்பதையும், கொடுங்கள். வரைபடத்தின் அச்சை எங்கே தொடங்கலாம் என்று விடை வந்த பிறகு யோசிக்க வேண்டாம்.

அப்புறம், 'இது எனக்கு முன்பே தெரியும்' என்ற எண்ணம். முடிவு தெரிந்ததும், ஆரம்பத்திலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று நினைவு தன்னைத் திருத்திக்கொள்ளும். பரூச் ஃபிஷ்ஹாஃப் என்ற உளவியலாளர் 1975-லேயே இதைச் சோதித்துக் காட்டியிருக்கிறார். இதற்கு மருந்து படி 1-ல் எழுதிய அந்த 'என் எதிர்பார்ப்பு' வரிதான். எல்லாக் குறிப்புகளிலிருந்தும் அந்த வரியை மட்டும் எடுத்து ஒரு ஷீட்டில் சேர்த்துவாருங்கள்: எதிர்பார்த்தது, எத்தனை சதவீதம் நிச்சயம், நடந்தது.

என் ஷீட்டில் இப்போது அறுபதுக்கும் மேல் வரிகள் இருக்கின்றன. '70 சதவீதம் நிச்சயம்' என்று நான் எழுதியவற்றில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் சரியாகியிருக்கின்றன. இப்போதெல்லாம் 70 என்று எழுதக் கை போனால் 55 என்று எழுதுகிறேன்.